எட்டாம் நம்பர் ஷூ

திருவண்ணாமலையில் செங்கம் சாலையில், ஆசிரமங்கள் இருக்கும் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். டி.ஃபார்ம் படித்தவள் நான். கடை முதலாளிக்கு வேறு தொழில்களும் இருந்ததால் காலையில் ஷட்டரைத் தூக்குவதிலிருந்து மருந்து ஆர்டர் போடுவது வரை எல்லாமே என் பொறுப்பு. வருகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். கார்த்திகை பிறந்ததிலிருந்து மாசி முடிகிற வரைக்கும் கூட்டம் அதிகமாக இருக்கும். வயிற்றுப்போக்கு, வெயிலில் உரிந்த தோல், நாய்க்கடி, குரங்கு பிறாண்டியது, கொசு என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றோடு வந்து நிற்பார்கள்.

என் இங்கிலீஷ் கடை இங்கிலீஷ்தான். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவேன். வெட்டி வைத்த பழத்தைத் தொடாதே. சீல் உடைத்த பாட்டில் தண்ணீரைக் குடிக்காதே. நாய் கடித்தால் ஆயின்ட்மென்ட் கேட்டு என்னிடம் வராதே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. உன் ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையை நீயாக விழுங்காதே. சிலர் சின்ன நோட்டை எடுத்து நான் சொல்வதை எழுதிக்கொள்வார்கள். எனக்கு அப்போது பெருமையாக இருக்கும். அதை இப்போது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒருமுறை அறுபது வயது தாண்டிய ஒரு வெளிநாட்டுக்காரர் வந்தார். நல்ல வெயிலில் செருப்பில்லாமல் மலையைச் சுற்றியிருக்கிறார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். க்ரீம் கேட்டார். சுகர் இருக்கிறதா என்று கேட்டேன், ஆமாம் என்றார். வலிக்கிறதா என்றேன், அவ்வளவாக இல்லை என்றார். அந்தப் பதில்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. க்ரீம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி, ஸ்டூலில் உட்கார வைத்து, தெரிந்த ஆட்டோவைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

வீட்டுக்குப் போய் இதை என் கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"வெள்ளக்காரன் காலு பஞ்சு காலு. நம்ம காலு அப்டியா?"

அவர் அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வேங்கிக்காலில் அரசாங்க ஆபீசில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றார். ஆபீசுக்கு ரப்பர் செருப்பில் போவார். போனதும் அதை மேஜைக்கு அடியில் கழற்றி விட்டுவிட்டு நாள் முழுக்க வெறுங்காலோடுதான் இருப்பார். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுவார். மழை பெய்தாலும் சரி, காய்ச்சல் அடித்தாலும் சரி. அவர் பாதம் அகலமானது. விரல்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் விரிந்திருக்கும்.

ஐம்பது வயதில் அவருக்குச் சுகர் வந்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவார், நான் எடுத்துக் கையில் கொடுத்தால். கடைசி நாலைந்து வருடமாகக் கால் மரத்துப்போயிருந்தது. "மெத்தை மேல நடக்கிற மாரி இருக்குது" என்று சொல்லுவார், ஏதோ சுகமான விஷயம் போல. ஒருநாள் குதிகாலில் ஏறிய கருவேல முள்ளை, அவருக்குத் தெரியாமலே, நான் பார்த்துப் பிடுங்கியிருக்கிறேன். அன்றிலிருந்து அவர் சாப்பிட்டுக் காலை நீட்டி உட்காரும்போது தினமும் ஒரு பார்வை பார்த்துவிடுவேன். வெறுங்கால்தானே, எதிரிலேயே இருக்கும். தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

எங்களுக்கு ஒரே மகன். கனடாவில், டொரண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறான். அவனும் மனைவியும் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். குழந்தைக்கு ஒரு வயது முடிந்து, மருமகள் மறுபடி வேலைக்குப் போக வேண்டிய நேரம் வந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் பதிந்து வைத்திருந்தார்கள், ஆனால் இடம் கிடைக்கவில்லை. அப்போதுதான் மகன் போன் செய்தான்.

"ம்மா, நீயும் அப்பாவும் ஒரு ஆறு மாசம் வந்து இருங்களேன். அப்பாவும் எத்தினி நாளுக்குத்தான் அந்த மலையையே சுத்துவாரு?"

கூப்பிட்டதில் தப்பில்லை. பேரனைப் பார்க்க எங்களுக்கும் ஆசைதான். நான் கடையில் விடுப்புச் சொன்னேன். ஆறு மாதத்துக்கான மாத்திரைகளை வாங்கி, டாக்டர் சீட்டோடு பாதியைக் கைப்பையிலும் பாதியைப் பெட்டியிலும் வைத்தேன். பெட்டி தொலைந்தால் எல்லாம் போய்விடக் கூடாது என்று கடைக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். சுகர் பார்க்கும் மிஷின், கட்டுத்துணி, உப்புக் கரைசல் பொட்டலம், ஜுர மாத்திரை, கூடவே ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரைப் பட்டை. எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். இன்ஷூரன்ஸ், விசா எல்லாவற்றையும் மகன் அங்கிருந்தே கம்ப்யூட்டரில் முடித்துவிட்டான்.

செப்டம்பரில் போய் இறங்கினோம். வீட்டில் நுழைந்ததும் அப்பாவுக்கென்று வாங்கி வைத்திருந்த ஷூ டப்பாவை எடுத்து வந்தான் மகன். சாம்பல் நிறத்தில், அடியில் வெள்ளை ரப்பர் போட்ட ஷூ.

"குளிர் வந்துச்சுன்னா செருப்பெல்லாம் இங்க ஆவாதுப்பா. போட்டுப் பாருங்க. என் சைஸ்தான் வாங்கியிருக்கேன், எட்டு."

அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாக என் கணவர் ஷூ போட்டார். மகன் முட்டி போட்டு உட்கார்ந்து நாடாவைக் கட்டிவிட்டான். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

"டைட்டா இருக்காப்பா?"

"இல்லடா. கச்சிதமா இருக்குது."

ஹாலில் நாலு நடை நடந்து காட்டினார். குழந்தை அவர் காலையே பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். கால் மரத்துப்போனவனிடம் ஷூ டைட்டா என்று கேட்கக் கூடாது. கட்டைவிரலால் முனையை அழுத்தி நாமே பார்க்க வேண்டும். பக்கவாட்டில் இடமிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தவள் ஒரு கையில் காப்பித் தம்ளரோடு நின்று வேடிக்கை பார்த்தேன்.

அங்கே ஒரு நாள் போவது என்பது குழந்தையோடு போவதுதான். காலை ஏழரைக்கு அவர்கள் இருவரும் கிளம்பிவிடுவார்கள். சாப்பாடு ஊட்டுவது, கழுவி விடுவது, தூங்க வைப்பது என் வேலை. தள்ளுவண்டியில் வைத்து வெளியே கூட்டிக்கொண்டு போவது அவர் வேலை. வீட்டுக்குப் பின்னால் ஒரு பூங்கா, அதில் ஒரு குளம். காலையில் ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம். வண்டி ஓடினால்தான் அந்தக் குழந்தை அழாது. அவரும் சந்தோஷமாகத்தான் போனார். மலை சுற்றிய கால்கள். உட்கார வைத்தால்தான் அவருக்குக் கஷ்டம்.

வெளியே ஷூ. உள்ளே வந்தால் தரை சில்லென்று இருக்கிறது என்று சாக்ஸைக் கழற்றாமல் அப்படியே இருப்பார். தூங்கும்போதும் சாக்ஸ். ஊரில் இருபத்துநாலு மணி நேரமும் கண்ணெதிரில் இருந்த பாதத்தை நான் ஒரு மாதம் பார்க்கவே இல்லை. ஒருமுறை கேட்டேன்.

"ஏங்க, அந்த சாக்ஸ கழட்டுங்க. கால பாக்கணும்."

"இன்னா இப்போ? குளுருது. சும்மா காலையே பாத்துக்கினு இருப்பியா நீ?"

குழந்தை அழுதது. எழுந்து போய்விட்டேன்.

ஐந்தாவது வாரம், துவைக்க எடுத்த சாக்ஸில் சுண்டுவிரல் இருக்கும் இடத்தில் ஒரு கறை. மஞ்சளும் பழுப்புமாகக் காய்ந்து துணி மொடமொடவென்றிருந்தது. முகர்ந்து பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் கடையில் நின்றவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஹாலுக்குப் போய், அவர் மடியிலிருந்த குழந்தையை வாங்கிக் கீழே விட்டு, நானே சாக்ஸை உருவினேன்.

வலது காலில் சுண்டுவிரலின் வெளிப்புறத்தில் கொப்புளம் வந்து, உடைந்து, தோல் வெள்ளையாக ஊறிக்கிடந்தது. நடுவில் ஒரு சின்னக் குழி. சுற்றிலும் சிவப்பு.

"எப்ப வந்துச்சு இது?"

குனிந்து பார்த்தார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அட, தெரியவே இல்லியே."

ஷூவைக் கொண்டுவந்து அவர் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பாதம் ஷூவைவிட இரண்டு பக்கமும் வெளியே நின்றது. அவருக்குக் குறைந்தது ஒன்பதாம் நம்பராவது வேண்டும், அதிலும் அகலமானது.

அன்று சாயந்திரம் மகன் வந்ததும் சொன்னேன். "அப்பா கால்ல புண்ணு வந்திருக்குடா. ஷூ கடிச்சிருக்கு. டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

அவன் குனிந்து பார்த்தான். முகத்தைச் சுளித்தான்.

"இங்க டாக்டர பாக்கிறதுன்னா நம்ம ஊரு மாதிரி இல்லம்மா. அதான் நீ இருக்கியே. நீ பாக்காத புண்ணா?"

நீ பாக்காத புண்ணா. அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. அந்த நாட்டில் சமையல்காரியாகவும் ஆயாவாகவும் இருந்த ஐந்து வாரத்தில், முதல்முறையாக என் படிப்பை நினைத்து ஒருவர் பேசியதாகத் தோன்றியது. கொண்டுபோயிருந்த கட்டுத்துணியை எடுத்தேன். உப்புத் தண்ணீரில் கழுவிக் கட்டினேன். ஆன்டிபயாடிக் பட்டையைப் பிரித்தேன். கடையில் எத்தனை பேரிடம் செய்யாதே என்று சொன்னேனோ அதையே செய்தேன்.

நாலு நாளில் சிவப்பு குறைந்தது. நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். ஆனால் குழந்தையை யார் வெளியே கூட்டிப்போவது? என்னால் இரண்டு வேளையும் முடியவில்லை. ஆறாவது நாள் அவர் மகனின் பழைய செருப்பை சாக்ஸுக்கு மேலே மாட்டிக்கொண்டு தள்ளுவண்டியோடு கிளம்பிவிட்டார். நான் அடுப்பங்கரையில் இருந்தேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்த் தடுக்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் எனக்கும் கொஞ்சம் உட்கார வேண்டியிருந்தது.

பட்டை தீர்ந்தது. சிவப்பு திரும்பி வந்தது. பிறகு சுண்டுவிரலின் நுனி ஊதா நிறமாகி, இரண்டு நாளில் கறுத்தது.

முதலில் வாய் திறந்து சொன்னது மருமகள்தான். ஒரு சனிக்கிழமை எல்லோரும் காரில் கடைக்குப் போனோம். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. அவள் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அத்தை, மாமா கால்ல இருந்து ஒரு வாசனை வருது. நீங்க கவனிச்சீங்களா?"

மகன் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். என் கணவர் காலை சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

நாங்கள் போன கடைத்தெருவில் தமிழ்க் கடைகள் நிறைய உண்டு. அவர்கள் காய்கறி எடுத்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்திலிருந்த மருந்துக் கடைக்குள் போனேன். கவுண்டரில் இருந்த பெண் தமிழ் பேசினாள், இலங்கைக்காரி, என்னைவிடப் பத்து வயது குறைவு. நானும் உன் தொழில்தான் என்று அறிமுகம் செய்துகொண்டு, செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். இன்னும் வீரியமான மாத்திரை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன்.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் மாறியது.

"அக்கா, இதுக்கு மாத்திரை கேக்கிறியளோ? உங்கட கடைக்கு ஆரும் வெளிநாட்டுக்காரர் இப்பிடிக் காலோட வந்தா நீங்கள் என்ன சொல்லுவியள்?"

செல்போனைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டேன்.

"இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. நாளைக்கு எண்டு வைக்காதேங்கோ."

வீட்டுக்கு வந்ததும் மகனைத் தனியாக மாடி அறைக்குக் கூப்பிட்டேன். இன்றைக்கே போகணும், இன்ஷூரன்ஸ்தான் இருக்கே என்றேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"ம்மா, இன்ஷூரன்ஸ் ஃபார்ம்ல அப்பாவுக்கு ஏதாச்சும் வியாதி இருக்கான்னு கேட்டான். இல்லன்னு போட்டுட்டேன்."

"சுகர் இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. சுகர்னு போட்டா ஆயிரம் கேள்வி கேப்பான், ஜாஸ்தியும் கட்டணும். எல்லாரும் இப்டித்தான் போடுறாங்க. நீ மாத்திரையெல்லாம் கரெக்டா கொடுத்துடுவன்னு நெனச்சேன். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா மொத கேள்வியே சுகர் இருக்கான்னுதான். பொய்யின்னு தெரிஞ்சா ஒண்ணும் தர மாட்டான். அட்மிட் பண்ணா நம்மால தாங்கவே முடியாதும்மா."

"அப்ப என்னடா பண்றது?"

"டிக்கெட்ட முன்னாடி மாத்திடறேன். ஊருக்குப் போனா நமக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. ரெண்டே நாள்ல பாத்துடலாம்."

என்ன வேண்டுமானாலும் ஆகட்டும், வண்டியை எடு என்று நான் கத்தியிருக்க வேண்டும். தெருவில் இறங்கி யாரையாவது நிறுத்தியிருக்க வேண்டும். அவன் கண் சிவந்திருந்தது. பதினைந்து வயதில் பரீட்சையில் தோற்று வந்து நின்ற முகம். "சரி, சீக்கிரம் மாத்து" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். என் கணவரிடம் கேட்டேன், உங்களுக்கு என்ன தோணுது என்று.

"புள்ளைய கஷ்டப்படுத்தாத. ஊருக்குப் போயிக்கலாம். எனக்கு வலியே இல்லியே" என்றார்.

சீக்கிரம் என்றால் இரண்டு மூன்று நாள் என்று நினைத்தேன். கிடைத்த டிக்கெட் எட்டு நாள் தள்ளி, ஞாயிற்றுக்கிழமை. சீட் இல்லை என்றான். நம்பினேன். அந்த எட்டு நாளும் காலையும் மாலையும் கட்டை மாற்றினேன். கறுப்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேலே ஏறியது. பக்கத்து விரலும் நிறம் மாறியது. வியாழக்கிழமை காய்ச்சல் வந்தது. சுகர் மிஷின் காட்டிய எண்ணை அவரிடம் சொல்லவில்லை. அப்போதும் வேளாவேளைக்குக் குழந்தைக்குப் பருப்புச் சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் மருமகளின் அம்மா வந்து இறங்கினார். அவர் வருவதே எனக்கு முந்தின நாள்தான் தெரியும். குழந்தைக்குத் துணைக்கு அவசரமாக வரவழைத்திருக்கிறார்கள், நல்லதுதான் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலிக்காகக் காத்திருந்தபோது மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மன்னிச்சுக்கங்க அத்தை. புதன்கிழமையே சீட் இருந்துச்சு. அம்மா சனிக்கிழமைதான் வர முடிஞ்சுது. எனக்கு வேலைல சேந்து ரெண்டு மாசம்கூட ஆவல, லீவு போட முடியல. அதான் ஞாயித்துக்கிழமை போட்டோம்."

நாலு நாள். மகன் கொஞ்ச தூரத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அவனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். அவன் வந்து அப்பாவின் தோளைத் தொட்டு, "போன உடனே டாக்டர பாத்துடுங்கப்பா" என்றான். அவர் அவன் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார்.

விமானத்தில் ஏறும் முன்னால் அவருக்கு ஜுர மாத்திரை கொடுத்தேன். உடம்பு சுடுவதைப் பார்த்தால் ஏற்ற மாட்டார்களோ என்ற பயம். கட்டின் மேல் இரண்டு சாக்ஸ், அதற்குமேல் ஒரு பிளாஸ்டிக் உறை, வாசனை வராமலிருக்க. நடுவில் ஒரு நாட்டில் விமானம் மாறியதையும் சேர்த்து ஒரு நாளுக்கு மேல் ஆனது. காலைத் தூக்கி வைக்க இடமில்லாமல் என் மடியில் வைத்துக்கொண்டேன். முழங்கால் வரை வீங்கிவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண் முதலில் மூக்கைத் துடைத்தாள், பிறகு பணிப்பெண்ணிடம் மெதுவாகப் பேசி வேறு இடத்துக்குப் போய்விட்டாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். அவர் மட்டும் சாப்பாட்டுத் தட்டில் இருந்த இனிப்பை என்னிடம் நீட்டி, "நீ துன்னு, எனக்குத்தான் ஆவாதே" என்றார்.

சென்னையில் இறங்கியதும் திருவண்ணாமலைக்கு வரவில்லை. வண்டி பிடித்து அங்கேயே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இளவயது டாக்டர் ஒருவர் கட்டைப் பிரித்தார். கூட நின்ற நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எத்தனை நாளா இருக்கு?"

"மூணு வாரம் ஆகுது சார்."

"மூணு வாரமா? யார் பாத்தாங்க? என்ன மருந்து கொடுத்தாங்க?"

மாத்திரையின் பெயரையும் அளவையும் சொன்னேன். தப்பில்லாமல் சொன்னேன் போலிருக்கிறது. டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க என்னம்மா வேலை பாக்குறீங்க?"

"வீட்லதான் சார்" என்றேன்.

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கே போனாலும் "என் சம்சாரம் ஃபார்மசிஸ்ட்" என்று சொல்லிக்கொள்கிறவர். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதோடு நின்றுவிடும் என்றார்கள். நிற்கவில்லை. ஒன்பது நாள் கழித்து முன்பாதம் முழுவதையும் எடுத்தார்கள். பத்து நாள் முன்னால் வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கலாம் என்று பெரிய டாக்டர் சொன்னார். அவர் குற்றம் சாட்டவில்லை. விவரமாகத்தான் சொன்னார். நான் உட்கார்ந்து மனதுக்குள் நாட்களை எண்ணினேன். அந்த இலங்கைப் பெண்ணிடம் போன சனிக்கிழமையிலிருந்து எண்ணினால், கணக்கு அந்தப் பத்து நாளில்தான் வந்து நின்றது.

மகன் வரவில்லை. லீவு இல்லை என்றான். தினமும் வீடியோவில் வந்தான். முதல் ஆபரேஷன் முடிந்த மறுநாள், "அப்பா வாயத் தொறந்து சொல்லவே இல்லியேம்மா. மொதல்லயே ஷூ டைட்டுன்னு சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன்ல?" என்றான். அவருக்குத் தெரியாதுடா, தெரிகிற கால் இல்லை அது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே போனை வாங்கிக்கொண்டு, "ஆமாண்டா, நான்தான் சொல்லல, தப்பு என்னுதுதான்" என்றார். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பெற்ற பிள்ளையின் நிம்மதியைப் பார்த்து வயிறு எரிந்தது அன்றைக்குத்தான்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நான் கடைக்குத் திரும்பிப் போகவில்லை. முதலாளி இரண்டு முறை வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். இவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பாதி நிஜம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் காலைக் காட்டி நின்றால் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை. தெருவில் இருப்பவர்கள் இப்போதும் மருந்துச் சீட்டோடு வருவார்கள். டாக்டரையே கேளுங்கள் என்று அனுப்பிவிடுகிறேன்.

அவருக்கு அளவெடுத்துச் செய்த செருப்பு ஒன்று இருக்கிறது, முன்னால் பஞ்சு வைத்தது. அதைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய் வருவார். பௌர்ணமி அன்று எங்கள் தெரு வழியாக ஜனங்கள் கிரிவலப் பாதைக்குப் போகும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தெரிந்தவர்கள் "இன்னா சார், வரலியா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அவர் சிரித்தபடி "போய்ட்டு வாங்க" என்பார். எனக்கு அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. ஒரு நாளாவது அவர் என் மேல் எரிந்து விழுந்திருந்தால், நீ படிச்சவதானே என்று கேட்டிருந்தால், எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

போன மாதம் மகன் போன் செய்தான். மருமகள் மறுபடி உண்டாகியிருக்கிறாள். அவள் அம்மாவுக்கு முட்டி வலி, வர முடியாதாம்.

"ம்மா, நீ மட்டும் வந்து ஒரு ஆறு மாசம் இருந்துட்டுப் போறியா?"

"அப்பாவ யாருடா பாத்துப்பாங்க?"

"இப்பல்லாம் வீட்டோட இருந்து பாத்துக்க ஆளுங்க கெடைக்கிறாங்களேம்மா. நான் ஏற்பாடு பண்றேன்."

"நான் வரல" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். இன்னும் நிறைய சொல்ல வேண்டும் என்றிருந்தது. புதன்கிழமை சீட் இருந்தது எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அதை இன்றுவரை நான் அவனிடம் சொன்னதில்லை. என் கணவரிடமும் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்தால் அதற்கும் ஒரு நியாயம் சொல்வார். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், நான் அவர் காலை மடியில் வைத்து வெட்டுப்பட்ட இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"அவன்கிட்ட பேசு. கொழந்த இன்னா பண்ணுச்சு? நீ போய்ட்டு வா. நான் இருந்துப்பேன்."

"அந்தக் கால எடுங்க அப்டி" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் காலை எடுத்துக்கொண்டார்.

நான் இன்னும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பேசுகிறார். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, பேரனுக்கு மாடு, நாய், ஆடு எல்லாம் எப்படிக் கத்தும் என்று கத்திக் காட்டுகிறார். குழந்தைக்கு இப்போது நன்றாகப் பேச்சு வந்துவிட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கிறேன்.